மேசைக்கு வராதது

அன்புள்ள அப்பு,

நாளை மறுநாள் காலை ரயிலில் நீ சென்னைக்குப் போகிறாய். அடுத்த அறையில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று உன் அப்பா கேட்கிறார். மற்ற அம்மாக்கள் பிள்ளை ஊர் போன பிறகு போனில் பேசி மனசை ஆற்றிக்கொள்வார்கள். எனக்கு அந்த வழி இல்லை. போவதற்குள் கையால் பேசித் தீர்த்துவிடலாம் என்றால், நான் கவலைப்பட ஆரம்பித்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சை முடிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. கடிதத்திடம் அந்த வேலை நடக்காது. முகத்தைத் திருப்பினாலும் அது பைக்குள் கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

கவலைகளை முதலில் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதே, மேம்பாலம் எவ்வளவு தள்ளி இருந்தாலும் ஏறிப் போ. சாலையில் வண்டிகள் எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாக நட. போனில் வந்ததைப் படிப்பதென்றால் ஒரு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படி. கூடத் தங்கும் பையன்களிடம், கதவைத் தட்டினால் உனக்குத் தெரியாது, விளக்கைப் போட்டு அணைத்துத்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகராதே. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருபது வயதைத் தாண்டியவன், கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிறவன், உன் வேலையைப் பார்த்து ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. இருந்தும் நேற்று நீ குளித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, நான் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். நீ குளியலறையில் இருக்கிறாய், லாரி தெருவில் இருக்கிறது, என் உயிர் மட்டும் சென்னைச் சாலையில் நிற்கிறது.

போன வாரம் நீ ஒரு விசிடியைக் கொண்டுவந்து டிவி மேசைமேல் வைத்தாய். போட்டுக் காட்டினாய். பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஹோட்டல் காட்சி, தொப்பி வைத்த கிதார்க்காரன். நீ ஒரு தாளில் எழுதி என் முன்னால் நீட்டினாய்: ‘அம்மா, இதில் மேசைக்கு வராதது என்ன?’ அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில். ஆனால் பதிலுக்கு வருவதற்கு முன் நான் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். உனக்குப் பாதிக் கதை தெரியும். தெரியாத பாதியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஜனங்கள் எங்களிடம்தான் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மதுரைக்கும் திருச்சிக்கும் லைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. காதை வைத்துச் சம்பளம் வாங்கியவள் நான். இருமுவதைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளுக்குத் தன் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது வெகுநாள் தெரியவில்லை. கதவை அறைந்து சாத்தினால் நீ திரும்புவாய். நான் பின்னால் வந்து நின்றால் திரும்புவாய். பேச்சு மட்டும் வரவில்லை. ஆண் பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று நம் மேட்டுப்பட்டித் தெரு முழுக்க எனக்கு ஆறுதல் சொன்னார்கள், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாலு வயது நிறைவதற்குக் கொஞ்ச காலம் முன்பு உன்னை மதுரைக்கு ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் மணி அடித்தார், கிலுகிலுப்பையை ஆட்டினார், காதில் எதையோ மாட்டிப் பார்த்தார். நீ அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். “ரெண்டு காதும் கேக்கலம்மா” என்றார். மதுரையில் சிஸ்டர்கள் நடத்துகிற காது கேளாதோர் பள்ளி இருக்கிறது, ஜூன் மாதம் சேர்த்துவிடுங்கள், அங்கேயே தங்கிப் படிக்கட்டும், சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் மொழி வரும் என்றார். எனக்கு மற்றது எதுவும் மண்டையில் ஏறவில்லை, ‘அங்கேயே தங்கி’ என்பது மட்டும் ஏறியது. இன்னும் தானாகச் சோறு அள்ளித் தின்னத் தெரியாத பிள்ளை. “இல்ல டாக்டர், கதவு சாத்துனா திரும்புறானே” என்றேன். அவர் பொறுமையான மனிதர். “எந்தச் சத்தத்துக்குத் திரும்புறான்னு வீட்ல நல்லாப் பாத்துட்டு வாங்க. இன்னொரு தடவ சோதிப்போம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் திண்டுக்கல் வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேபிள் என்றால் பேகம்பூர் ஜமால் பாய்தான். அவர் தன் கடையில் ஒரு டெக்கில் ஏதாவது வீடியோ கேசட்டைப் போட்டுவிடுவார், ஊரில் பாதி வீடு அதைத்தான் பார்க்கும். என்ன படம், எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. டிவி, என் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த தேக்கு மேசைமேல் இருந்தது. நீ அதன் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். திடீரென்று கிதார் கேட்டது. அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. கரண்டியோடு வெளியே வந்தேன். நீ திரும்பி, டிவியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய், கண் விரிந்து, வாய் திறந்து, சிரித்துக்கொண்டு. நான் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும் என்று பயம். பாதியிலேயே கரண்ட் போய்விட்டது. நீ சுற்றுமுற்றும் பார்த்தாய், பிறகு அழ ஆரம்பித்தாய். இசை நின்றதற்காக அழுகிற பிள்ளைக்குக் காது கேட்காது என்று எந்த டாக்டர் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை.

கரண்ட் வந்தபோது வேறு படம் ஓடியது. உன் அப்பாவைப் பேகம்பூருக்கு விரட்டினேன், பிறகு பொறுக்காமல் நானும் பின்னாலேயே போனேன். ஜமால் பாய் தலையைச் சொறிந்தார். “வீடியோ லைப்ரரி ஒண்ணு மூடுறப்ப மூட்டையா வாங்குன கேசட்டுக்கா. ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சு போச்சு. எதப் போட்டேன், எங்கருந்து போட்டேன்னு அல்லாவுக்குத்தேன் தெரியும்.” மூட்டையைக் காட்டினார். மறுவாரம் முழுக்கச் சும்மா இருக்கும் நேரமெல்லாம் எனக்காக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார் அந்த மனிதர். எதிலும் கிதார் இல்லை. “எங்கயோ கை மாறிருச்சுக்கா” என்று அவரே வருத்தப்பட்டார்.

எனக்குத் தெரிந்தது அந்த மெட்டு மட்டும்தான், அதையும் முனகத்தான் தெரியும். கோயில் பாடற்குழுவில் கிதார் வாசிக்கும் சேவியர் சார் உன் அப்பாவின் சிநேகிதர். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து முனகினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, இது நம்ம பக்கத்து வாசிப்பு இல்ல. ஸ்பெயின் நாட்டுக்காரங்க வாசிக்கிற தினுசு, ஃபிளமெங்கோன்னு பேரு. நான் சாமியாருக்குப் படிக்கச் செமினரில இருந்தப்ப ஒரு ஃபாதர் ரெக்கார்டு வச்சிருந்தார்” என்றார். பெயர் கிடைத்ததும் பாதிப் பிள்ளை கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் கிதாரை எடுத்து, நான் முனகியதை அப்படி இப்படி வாசித்தும் காட்டினார். நீ பக்கத்தில் நின்று அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய், திரும்பவில்லை. “அண்ணே, அது இப்படி இல்ல” என்றேன். பாவம் அவர். அவருடைய வாசிப்பில் குறை சொன்னால்தான் என் நம்பிக்கை தப்பிக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

பிறகு என் வேலையையே இதற்குப் பயன்படுத்தினேன். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் வெளியூர் ஆபரேட்டர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்வது உண்டு. முகம் பார்த்திராத சிநேகிதிகள். மதுரை மல்லிகாவிடம் லைனில் மெட்டை முனகிக் காட்டி, “இது எந்தப் படத்துல வருதுன்னு வீடியோ கடைகள்ல கேட்டுச் சொல்லேன். என் பிள்ளைக்கு வேணும்” என்றேன். அவள் திருச்சிக்கு முனகினாள். திருச்சி சேலத்துக்கு முனகியது. சூப்பர்வைசர் அம்மா காதில் விழாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாள் கழித்து கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதிய குரல் வந்தது. “ஏனுங்க, திண்டுக்கல்லுங்களா? உங்க பக்கத்துல யாரோ ஒரு பையனுக்காக ஒரு பாட்டுத் தேடறாங்களாமுங்க. இதுதான் மெட்டுங்க, கேளுங்க” என்று பாடியே காட்டினாள். ஊர் ஊராக வாய் மாறி வந்ததில் அது கல்யாண வீட்டு நாதஸ்வரமாக ஆகியிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்து ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மே மாதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்குகிறது.

இதற்கிடையில் நம் கோயில் பெருவிழா வந்தது. அந்த வருஷம் ஜமால் பாய் ஆள் வைத்துச் சப்பரம் வருவதைப் படம் பிடித்து, கேபிளில் போட்டார். மெழுகுவர்த்தி, மல்லிகைப்பூ, விளக்கு வைத்த சப்பரம், அதை முன்வரிசையில் தோளில் சுமந்துவரும் உன் அப்பா. தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்ததும் முகத்தைப் பக்தியாக ஆக்கிக்கொண்டார். தெருவே கைதட்டியது. சப்பரம் தூக்கியவர்கள் எல்லாரும் தங்களைத் தாங்களே மறுபடி பார்க்க வேண்டும் என்று நச்சரித்ததில் ஜமால் பாய் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஒவ்வொரு தடவையும் சாமியார் கையை உயர்த்திக் கடைசி ஆசீர் கொடுப்பார், நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டு டிவியை அணைத்துவிடுவோம். அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஒருநாள் சாயங்காலம் அதேபோல் ஆசீர் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசலில் செத்த நேரம் நின்று பேசிவிட்டேன், டிவியை அணைக்கவில்லை. உள்ளேயிருந்து கிதார் கேட்டது. அக்காவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரையில் அந்தத் தொப்பிக்காரன், மரமேடை, அடுக்கடுக்காகப் பாவாடை கட்டி ஆடும் ஒரு பெண். நீ மேசையின் மேல் இரண்டு கைகளையும் பரப்பி, கன்னத்தை மரத்தில் ஒட்டவைத்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாய். காதைக் கிட்டத்தில் வைத்து ஆசையாகக் கேட்கிறாய் என்றுதான் நான் நினைத்தேன். மூட்டையிலிருந்து எப்போதோ அந்தப் படம் பிடிக்கிற ஆளிடம் கை மாறிப் போயிருந்த பழைய கேசட்டில்தான் சப்பரத்தைப் பதிந்திருக்கிறார்கள். ஊர்வலம் முடிந்த இடத்துக்குப் பிறகு அழியாமல் மிஞ்சியிருந்தது அந்தப் படத்தின் சிறு துண்டு. நான் கோயம்புத்தூர் வரைக்கும் தேடியது என் வீட்டிலேயே, ஆசீர் முடிந்த மறுநிமிஷத்தில் இருந்தது.

அந்தத் துண்டைச் சேவியர் சார் டேப் ரெக்கார்டரில் ஏற்றிக் கொடுத்தார். உன் அப்பா அந்தப் பெரிய டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, உன்னை நான் மடியில் வைத்துக்கொண்டு, மதுரை பஸ்ஸில் போனோம். சின்னாளப்பட்டி தாண்டும் வரைக்கும் நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். அப்புறம் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஜெயித்துவிட்டு வருகிறவளின் பேச்சாக அது இருந்தது. அவர் பள்ளியில் நமக்காகச் சொல்லி வைத்திருந்த இடம் வேண்டாம் என்று எப்படி மரியாதையாகச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

டாக்டர் தன் மேசைமேல் டேப் ரெக்கார்டரை வைத்துப் போட்டார். நீ என் மடியில் இருந்தாய். கிதார் தொடங்கியது. நீ ஜன்னலைப் பார்த்தாய். “சவுண்ட கொஞ்சம் கூட்டுங்க டாக்டர்” என்றேன். கூட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கூட்டினார். நீ திரும்பவில்லை. நீ நெளிந்து மடியிலிருந்து இறங்கினாய். மேசைக்குப் போனாய். கையை வைத்தாய், ஒரு நிமிஷம் அப்படியே நின்றாய், பிறகு கன்னத்தையும் வைத்துச் சிரித்தாய். “பாத்தீங்களா டாக்டர், கேக்குறான்” என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

டாக்டரும் எழுந்தார். டேப் ரெக்கார்டரை மேசையிலிருந்து தூக்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார். அது பாடிக்கொண்டேதான் இருந்தது. உன் சிரிப்பு நின்றது. நீ மேசையைத் தடவித் தடவிப் பார்த்தாய், ஏதோ அங்கே வைத்த பொருள் காணாமல் போனதுபோல். அவர் டேப் ரெக்கார்டரை உன் காதுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார். நீ மேசையைத்தான் தட்டினாய். திரும்ப மேசைமேல் வைத்தார், சிரித்தாய். மறுபடி தூக்கினார். உன் அப்பாதான், “போதும் டாக்டர், புரிஞ்சிருச்சு” என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் முதல் தடவை அவர் தூக்கியபோதே புரிந்துவிட்டது. நீ கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் குதிகால் மரமேடையில் விழுகிற அடியும், கிதார்க்காரன் கம்பியை மீட்டிக்கொண்டே பலகையில் தட்டுகிற தட்டும் மேசை வழியாக உன் கன்னத்துக்கு வந்துகொண்டிருந்தன. நீ முதல் நாள் சாய்ந்திருந்ததும் இந்த மாதிரி ஒரு மேசையின் காலில்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா ஒன்று சொன்னார். “அழுவாதம்மா. அவனுக்கு அது வேணும்னு தோணிருக்குல்ல, தேடி எடுத்துக்கிட்டானே. அம்புட்டு வெவரம் இருக்கு.” அன்றைக்கு அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. இன்றைக்கு உன்னைத் தனியாக அனுப்பும்போது நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சொல்லைத்தான்.

ஜூன் மாதம் உன்னைப் பள்ளியில் விட்டோம். சிஸ்டர் உன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நான் கேட்டில் நின்று “அப்பு, அப்பு” என்று கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. வெகுநேரம் கூப்பிட்டேன், கூப்பிடுவது எனக்காகத்தான் என்று தெரிந்தபிறகும் கூப்பிட்டேன். ஆனால் முதல் விடுமுறைக்கு நீ வந்தபோது என் உதட்டைப் பார்த்து உன் பெயரைப் புரிந்துகொண்டாய். ‘அப்பு’ என்று சொல்லும்போது உதடு ஒட்டிப் பிரிவது உனக்குத் தெரிந்துவிட்டது. அந்த விடுமுறையில் உன்னை நான் கூப்பிட்ட கணக்குக்கு வேறு எந்தத் தாயும் எந்தப் பிள்ளையையும் கூப்பிட்டிருக்க மாட்டாள். இது இரண்டாவது தடவை நான் உன்னை அனுப்புவது. முதல் தடவை பிழைத்துக்கொண்டேன் என்பதால் இரண்டாவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

இடையில் ஒரு புத்திமதி, மறப்பதற்குள். புரியாதபோது தலையாட்டாதே. கன்னிவாடியில் உன் சித்தப்பா கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் என்ன கேட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டி, இலையில் சோறு மலையாகக் குவிந்து, கடைசியில் நானும் உன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்று தீர்த்தோமே, நினைவிருக்கிறதா? கல்யாணத்தில் அதிகபட்சம் வயிறு வலிக்கும். வேலை செய்யும் இடத்தில் தலையாட்டினால், நீ ஒத்துக்கொள்ளாத பழி உன் தலையில் விழும். எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள் என்று முதல் நாளே, முதல் ஆளிடமே சொல். அவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும். உனக்கு இருக்க வேண்டாம்.

அந்தக் கேசட்டை ஜமால் பாய் நமக்கே கொடுத்துவிட்டார். விடுமுறைக்கு விடுமுறை நீ வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அதுதான். வாடகைக்கு டெக் எடுத்து வந்து போடுவோம். சப்பரத்தில் அப்பா வருவதைப் பார்த்து நீ கைகாட்டுவாய், சாமியார் ஆசீர் கொடுத்ததும் ஓடிவந்து மேசைமேல் கையை விரிப்பாய். கிதார் முடிந்ததும் நான் கேசட்டை நிறுத்திவிடுவேன், நாடா தேய்ந்துவிடும் என்ற பயத்தில். நீ கையை எடுக்கமாட்டாய். ‘முடிந்துவிட்டது’ என்று சைகை காட்டி, உன் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பேன். நீ உதட்டைப் பிதுக்குவாய். எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது. ஒரு மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை படிந்து, அதோடு அதுவும் போயிற்று. நீ அந்தத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டாய். சாப்பாட்டுத் தட்டில், பஸ் ஜன்னல் கம்பியில், என் முதுகில் அதைத்தான் தட்டுவாய். சேவியர் சார் ஒருநாள் உன் தட்டலைக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, நீங்க முனகுனத விட இவன் சுத்தமா வச்சிருக்கான்” என்று என் மானத்தை வாங்கினார்.

இப்போது நீயே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாய். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பழைய படங்களின் ஹோட்டல் காட்சிகளைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து, தொப்பியையும் பாவாடையையும் வைத்து அடையாளம் கண்டாய் என்று சொன்னாய். நான் காதால் ஊர் ஊராகத் தேடித் தோற்றதை நீ கண்ணால் தேடி எடுத்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. தேடினால் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை வீட்டில் நிற்கமாட்டான்.

சரி, உன் கேள்வி. மேசைக்கு வராதது என்ன? நேற்று முழுக்க அந்தக் காட்சியைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். நான் தாளிக்கும்போது எண்ணெயில் கடுகு போட்டதும் ஒரே நேரத்தில் நாலு பக்கமும் துள்ளுமே, நீ எட்டி நின்று பார்ப்பாயே, தொடக்கத்தில் கிதார் அப்படித்தான் இருக்கிறது. அந்தத் துள்ளல் பாதிக்குமேல் உன் மேசைக்கு வராது. அப்புறம் ஒரு கம்பியை மட்டும் மெதுவாக இழுத்து விடுகிறான். யாரோ ஒன்றைச் சொல்ல வந்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்ட மாதிரி இருக்கிறது. அதுவும் வராது. அந்த இடத்தில் எனக்கு எப்போதும் கண் கலங்கும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. நிறைய விட்டுப்போயிருக்கும். வைத்துக்கொள்.

எழுதிவிட்டு ஒரு சந்தேகம் வந்தது. வருவது என்ன என்று எனக்குத் தெரியாமல் வராதது என்ன என்று எப்படிச் சொல்வது? இன்று மத்தியானம் நீ கடைக்குப் போயிருந்தபோது, காதில் பஞ்சை அடைத்து, அதற்குமேல் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விசிடியைப் போட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, பல் வலியா என்று கையால் கேட்டார். மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக் கன்னத்தையும் வைத்தேன், உன்னைப் போலவே. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது. குதிகால், பலகை, குதிகால். திரையில் தொப்பிக்காரன் கிதாரை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தான். அதுதான் நான் எப்போதும் நிறுத்துகிற இடம். பக்கத்து மேசையில் கதாநாயகன் பேச வாயைத் திறந்தான். என் கை மேசையிலேயே இருந்தது. அடி நிற்கவில்லை, அப்பு.

அந்தப் பெண் திரையை விட்டுப் போய்விட்டாள். ஆனால் அவள் குதிகால் விழுந்துகொண்டே இருக்கிறது, மெதுவாக, தூரமாக, கதாநாயகன் பேசுகிற அவ்வளவு நேரமும், எங்கோ ஒரு கதவு சாத்துகிற வரைக்கும். பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். வசனம்தான் கேட்டது. தெரிந்துகொண்டு காதைத் தீட்டினால்தான் அதற்கு அடியில் லேசாக ஒன்று இருக்கிறது. காதை வைத்துச் சம்பளம் வாங்கியவளுக்கு இத்தனை வருஷம் கிடைக்காதது அது. உனக்கு அது வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விடுமுறையிலும் நான் உன் கையைப் பிடித்து இழுத்து, முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. எழுதி அனுப்பினால் கண்ணாடி தேடுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். போனைச் சத்தமில்லாமல் அதிர்கிற மாதிரி வைத்து, டிவி மேசைமேல் வைக்கப்போகிறேன். பக்கத்தில் கையை விரித்து வைத்திருப்பேன். நீ நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கமாட்டேன்.

உன் அம்மா